‘ரன்’ சொல்ல என் முறை வந்தபோது

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி லைனில் ஒரு பழக்கம் உண்டு. யார் முன்னாலாவது பெல்ட்டில் வரும் சர்க்யூட் போர்டுகள் குவிந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவள் கேட்காமலே கை நீட்டி இழுத்து முடித்துக் கொடுப்பாள். பெல்ட் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு இடப்பக்கம் நின்றவள் தளியிலிருந்து வரும் பெண், என்னைவிட ரொம்பச் சின்னவள். என் முட்டி வீங்கிய நாட்களில் என் குவியலைத் தீர்த்தது அவள்தான்.

ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் ஆங்கில வகுப்பு நடந்தது. நன்றாகப் பேசும் ஒருத்திக்கு டெஸ்டிங் அறையில் இடம் என்றார்கள். அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம். எனக்கு வேண்டியது அந்த நாற்காலி.

கடைசி வகுப்புக்கு டீச்சர் ‘ரன்’ என்ற சொல்லைக் கொடுத்திருந்தார். ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஓடுவது மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூக்கு ஒழுகினாலும், மெஷின் ஓடினாலும், கடை நடத்தினாலும் அதே சொல்லாம். ‘ஐ ரன் மை ஹவுஸ்’ என்று பேரிகை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்தேன். வீட்டுக்காரர் விட்டுப் போனதிலிருந்து வீட்டை நடத்துவது நான்தானே. ஆங்கிலத்தில் சொன்னால் கொஞ்சம் கெத்தாகக்கூட இருந்தது.

என் முறை வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் பக்கத்திலிருந்த தளிப் பெண் முந்திக்கொண்டாள்.

“அக்காவுக்கு நான் சொல்றேன் மேடம்” என்று மூக்கு ஒழுகுவதைச் சொன்னாள். தன் முறைக்குக் கடை நடத்துவதையும் சொன்னாள். டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டார். முணுமுணுத்து வைத்த வாக்கியத்தோடு உட்கார்ந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மானம் போயிற்று.

நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. “உங்களுக்கும் சேத்து சொல்லிட்டேன்ல அக்கா” என்று என் கையைப் பிடித்தாள். தேங்க்ஸ் என்றேன். முந்திரிக்கொட்டை என்று மனசுக்குள் வைதேன்.

மறுநாள் அவள் இடத்துக்கு வந்த புதுப்பெண்ணுக்கு எங்கள் பழக்கம் தெரியாது. என் முன்னால் போர்டுகள் குவிந்து பெல்ட் நின்றது. சூப்பர்வைசர் என் பக்கம் நடந்து வந்தார். டெஸ்டிங் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் நிமிர்ந்து என் குவியலைப் பார்த்தாள். உடனே நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். கைகூட என் குவியலை இழுப்பதுபோல முன்னால் நீண்டிருந்தது.

வைத வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.