இடம் மிச்சம் பிடிக்கும் எழுத்து

தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

பீளமேட்டில் பட்டறை வைத்திருந்த ஒருவர், மகளின் கல்யாணப் பத்திரிகையை ஆங்கிலத்தில் அடிக்கக் கொடுத்தார். இது கெட்டால் இனி நீ கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம், பில் எழுதினால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டு அவிநாசி போயிருந்தார். நான் டைம்ஸ் நியூ ரோமனைத் தேர்ந்தெடுத்தேன். முப்பதுகளில் லண்டன் செய்தித்தாள் ஒன்றுக்காக, குறுகிய பத்தியில் நிறையச் செய்தி அடங்கும்படி வரைந்த எழுத்து அது. நிற்கும் கோடு தடித்திருக்கும், இணைக்கும் கோடு மெலிந்திருக்கும், முனையில் கூரான சிறு பாதம். வரைந்தது யார் என்பதிலேயே தகராறு உண்டு என்று பிறகு படித்தேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அந்த எழுத்தை முழுக்க நம்பினேன்.

அடித்ததைப் பார்க்கப் பட்டறைக்காரர் மனைவியோடு வந்தார். கையில் மூத்த மகளின் பழைய பத்திரிகை.

"ஏனுங்க அம்மணி, பெரிய புள்ளைக்கு நாலு பக்கம் வந்துச்சு. இது ரெண்டுல முடிஞ்சு போச்சு. யாரைக் கழட்டி உட்டீங்க?"

"ஒருத்தரையும் உடலீங்க. எழுத்து ஒல்லிங்க."

"எழுத்து எளைச்சா எங்க மாமனுமா எளைச்சுப் போவாரு? உங்க ஊட்டுல யாரு படிச்சவங்க?"

"நான்தானுங்க மொதல்ல."

"அதானே பாத்தேன்."

எனக்குக் காது சுட்டது. "நீங்க பேரைச் சொல்லுங்க, நான் காட்டறேன்" என்றேன்.

பங்காளி, மாமன், மச்சான் என்று ஒவ்வொரு பேராகச் சொன்னார். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன். எல்லாரும் இருந்தார்கள். அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

அவர் மனைவி பத்திரிகையை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பேரெல்லாம் இருக்குது கண்ணு. ஆனா இத்தன சன்னமாக் குடுத்தா, இவங்க அக்கா பிரிச்சே பாக்க மாட்டாங்க. 'நம்மள உட்டுப்போட்டாங்க'ன்னு பந்தலுக்கே வராம இருந்துக்குவாங்க."

மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எழுத்தை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. ஒவ்வொரு பெயரையும் தனி வரியில் நிறுத்தி, நடுவே தாராளமாக இடம் விட்டேன். லண்டன்காரர்கள் மிச்சம் பிடித்ததையெல்லாம் கொங்கு நாட்டு மாமன்மாருக்குத் திருப்பிக் கொடுத்தேன். நாலு பக்கம் வந்தது.

"இப்பத்தானுங்க சரியா இருக்குது" என்று வாங்கிக்கொண்டார்.

ஆனால் படியிறங்கியவர் வெயிலில் நின்று மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். நான் உள்ளேயிருந்து அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.