மடிக்கணினி கேட்ட முகவரி

ஒனிஹங்காவில் முன்பு நான் வாடகைக்கு இருந்த வீட்டின் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த எண்ணை வாய்க்குள் சொல்லியபடி ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். நிலையத்து வாங்கில் உட்கார்ந்து மடிக்கணினியை இயக்கி, அந்த எண்ணையும் தெருப் பெயரையும் அடித்தேன். பிழை என்றது. அன்றைக்கு அது மூன்றாவது வீடு.

படிப்பு எனக்கு ஒன்பதாம் வகுப்போடு சரி. கடவுச்சொல் என்று புதிதாக ஒன்றை யோசிக்க வராது. அந்த நேரம் எங்கே இருக்கிறேனோ அந்த முகவரியையே வைத்துவிடுவேன். அறையில் கூட இருந்தவர்கள் ஓயாமல் அதில் படம் பார்த்ததால், இயக்கியதுமே கடவுச்சொல் கேட்கும்படி செய்திருந்தேன். பிறகு நான்கு மாதம் தெற்கே அப்பிள் தோட்டத்தில் வேலை. திரும்பி வந்தபோது எந்த முகவரி என்பது மறந்துபோயிற்று. ஒக்லாந்தில் ஏழு வீடுகளில் இருந்திருக்கிறேன். தெருக்கள் நினைவில் நின்றன, எண்கள் நிற்கவில்லை.

உள்ளே, மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்ட நான் பெற்ற சான்றிதழின் படம் இருந்தது. அட்டை தொலைந்துவிட்டது. பயிற்சி தந்த இடமும் மூடியாயிற்று. அன்று மாலை ஐந்துக்குள் படத்தை அனுப்பினால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கிடங்கில் வேலை. இல்லாவிட்டால் அது அடுத்தவனுக்கு. மடிக்கணினி திருத்துகிற கடையிலோ ஒரு வாரம் அவகாசம் கேட்டார்கள்.

பாபடோயிட்டோயில் நான் கராஜில் குடியிருந்த வீட்டு அக்கா கதவைத் திறந்தார்.

"கராஜில ஆள் இருக்கு தம்பி."

"இருக்க வரேல்லை அக்கா. வீட்டு நம்பரைப் பாக்க வந்தனான்."

"ஒன்பது மாசம் இருந்தனீர். நம்பர் தெரியாதோ?"

"வீட்டைத் தெரியும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டு எண்ணுக்கும் திறக்கவில்லை.

"வீட்டு நம்பர் மட்டுந்தான் வைப்பீரோ?" என்றார், தேத்தண்ணீரை வைத்தபடி. "இஞ்சயிருந்து போகேக்க வானுக்குள்ளயெல்லோ மெத்தை போட்டுக்கொண்டு போனனீர்."

உண்மைதான். அப்போது வைத்திருந்த பழைய வான் வண்டிக்குள் ஆறு வாரம் படுத்தேன். குளிர் தவிர வேறு குறையில்லை. இருந்த இடங்களை எண்ணும்போது அதை எண்ண மறந்திருந்தேன்.

அந்த வானை என்னிடம் வாங்கியவர் மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த மலேசியக்காரர். அழைத்தேன்.

"அண்ணை, வான் நம்பரை ஒருக்காச் சொல்லுங்கோ."

"ஏன் தம்பி, போலீஸ் தேடுதா?"

"இல்லை. லாப்டொப் திறக்க."

"வான் நம்பர்லயா லாப்டாப் திறக்கும்? சரி இரு, கீழ போயி பார்க்கிறேன்."

மூன்று எழுத்து, மூன்று எண். அடித்தேன், திறந்தது. மணி நாலே முக்கால். அக்காவின் வைஃபையில் படத்தை அனுப்பினேன். காலை ஆறுக்கு வா என்று பதில் வந்தது.

போனேன். ஃபோர்க்லிஃப்ட் திருத்தத்துக்குப் போயிருந்தது. மேற்பார்வையாளர் ஒரு சோடி கையுறையைத் தந்து வெங்காய மூட்டைகளைக் காட்டினார். ஒவ்வொன்றும் இருபது கிலோ. கையாலேயே அடுக்கத் தொடங்கினேன்.