நொண்டாமல் நடக்கச் சொன்னவன்

என் மனைவி லூர்தம்மாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது கட்டுநாயக்க விமான நிலைய வாசலில். சக்கர நாற்காலியில் இருந்தாள். தள்ளிக்கொண்டு போனது நான் அல்ல.

பதுளையிலிருந்து அங்கே வேன் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஆளை இறக்கிவிடுவது பாதி வேலைதான். உள்ளே போனவர் திருப்பி அனுப்பப்பட்டு நம் வேனிலேயே வந்து ஏறிவிடக் கூடாதே என்று கண்ணாடிக்கு வெளியே நிற்பது மீதி வேலை. காயம் தெரிந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், வேலையும் போய்விடும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. யார் சொன்னது என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

முழுக்கைச் சட்டை

தொண்ணூறுகளில் ஒரு நாள். நமுனுகுல ஊர்ப் பெண் ஒருத்தி வீட்டு வேலைக்கு வெளிநாடு புறப்பட்டாள். புறப்படுவதற்கு முந்தின நாள் விறகு வெட்டும்போது வலது கையைக் காயப்படுத்திக்கொண்டாள். நான் என் முழுக்கைச் சட்டையை மேலே போடச் சொல்லி, காயத்தின் துணிக்கட்டை மறைத்து அனுப்பினேன்.

பெட்டியை இடது கையால் தூக்க அவள் திணறியதும் விமானக் கம்பெனிப் பெண் எழுந்து வந்து, தானே தூக்கி வைத்தார். கட்டை அவிழ்த்து மருந்து போட வைத்தார். பிறகு அவளை விமானத்துக்கு அனுப்பிவிட்டு, சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே என்னிடம் வந்தார்.

"கைய மறைச்சிட்டீங்க. மூஞ்சில வலி தெரியுதே, அத எதால மூடுவீங்க?"

இவர் ஒருவர் நல்லவர், எல்லாரும் இப்படியா என்று நினைத்துக்கொண்டேன்.

குடை

கொஸ்லந்தையைச் சேர்ந்த ஒருவர் வெளிநாட்டில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு திரும்பினார். நல்ல மழை. சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த விமானக் கம்பெனி ஆள் தன் குடையை மாவுக்கட்டுக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தார். காசுக்குக் கைநீட்டப் போகிறார் என்று நினைத்து, "நாங்க பாத்துக்கிறோம்" என்று நாற்காலியைப் பிடுங்கினேன். கால் வேன் கதவில் மோதியது.

அவர் என்னை விலக்கி, காயக்காரரைத் தூக்கி உட்காரவைத்து, தன் கோட்டைக் காலுக்கு அணையாக வைத்துவிட்டுப் போனார். ஊர் நெருங்கும்போது காயக்காரர் சொன்னார்:

"பிளேன்ல கால நீட்ட மூணு சீட்டு விட்டுக் குடுத்தாங்கண்ணே. நம்ம ஆளுகிட்ட வந்தாத்தான் இடிக்குது."

வார்

அந்த வேனே லூர்தம்மா முதல்முறை போய் உழைத்து வாங்கித் தந்ததுதான். இரண்டாம் முறை புறப்பட இருந்தபோது, எங்கள் தோட்ட லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்தாள். இடது கணுக்கால் வீங்கிவிட்டது. "ஒரு வாரம் கழிச்சுப் போறேங்க" என்றாள். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்றேன்.

வேன் நிறுத்துமிடத்தில் அவள் காலில் இருந்த கட்டை அவிழ்த்தேன். வீங்கிய காலைச் செருப்புக்குள் அழுத்தித் திணித்தேன்.

"நேரா நட. நொண்டாத."

"சரிங்க."

வாசல் வரை நடந்தாள். அங்கே செருப்பு வார் அறுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனிப் பெண் ஒருவர் நாற்காலியோடு ஓடிவந்தார். தரையில் மண்டியிட்டு, செருப்பைக் கழற்றி, காலைத் துணியால் சுற்றி, மெல்லிய காலுறை ஒன்றை மாட்டினார். நிமிர்ந்து என்னைக் கேட்டார், "நீங்க யாரு?"

காயத்தோடு அனுப்பும் புருஷன் என்று தெரிந்தால் பயணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன்.

"வேன் டிரைவருங்க."

அவர் அறுந்த செருப்பை என் கையில் வைத்தார். "இத இவங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்து, தச்சு வைக்கச் சொல்லுங்க. பயப்பட வேணாம், இவங்கள சீட்டு வரைக்கும் நானே கொண்டுபோய் விடுறேன்."

லூர்தம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"குடுத்துருவாரு மிஸ். நம்பிக்கையான டிரைவரு."

அடுத்த வருஷம் போன நாட்டிலேயே காய்ச்சலில் இறந்தாள், அங்கேயே அடக்கம். இத்தனை வருஷம் வேன் ஓட்டியதில் சொன்னபடி ஒப்படைத்த பொருள் ஒன்று உண்டு: வார் தைத்த இடது கால் செருப்பு, வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது.