காலனி விலக்கு

எனக்குக் கோயில் குளம் பார்க்கிற ஆசை குறைவு. ரோடு பார்க்கிற ஆசைதான் அதிகம். எந்த ஊருக்குப் போனாலும் தெரு எங்கே அகலுகிறது, எங்கே போய் முட்டுகிறது, வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். சிவகாசியில் காகித லோடு இறக்கும் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே நின்று தெருவையே அடைத்திருப்பதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பொம்பளைக்கு ரோட்டப் பத்தி என்ன பேச்சு?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஒரு பஸ் இருந்தது. ஒரே ஒரு பஸ். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து காலையில் சிவகாசிக்குப் போய்ச் சாயந்திரம் திரும்பும். அந்த ஒற்றைப் பஸ்ஸை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய அலட்டலுக்கு ரயில்வே மந்திரி தோற்றார்.

மெயின் ரோட்டிலிருந்து ஒரு இடத்துக்குப் பாதை பிரிகிற முனையை எங்கள் பக்கத்தில் விலக்கு என்போம். பஸ் அங்கே நின்று ஆள் ஏற்றும். எங்கள் ஊரைத் தாண்டியதும் ஒரு விலக்கு உண்டு, காலனி விலக்கு. காலனியில் இருந்தவர்கள் முன்பு எங்கள் புஞ்சைகளில் களை எடுத்தவர்கள். அந்தச் சமயம் பட்டாசுக் கம்பெனி, தீப்பெட்டிக் கம்பெனி என்று வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்த விலக்கில் மட்டும் எங்கள் பஸ் நிற்காது. அவர்கள் எங்கள் ஊர் மந்தைக்கு, பஸ் புறப்படுகிற பொட்டலுக்கு, நடந்து வந்து, ஊர்க்காரர்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, இடம் இருந்தால் ஏறிக்கொள்ள வேண்டும். இடம் இல்லையென்றால் அன்றைக்கு வேலை போச்சு.

அவர்களில் ஒருத்தி, என் வயதுக்காரி, பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள், ஒருநாள் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். மாசமாக இருந்தாள்.

"அம்மா, ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லி பஸ்ஸ நம்ம விலக்குல நிப்பாட்டச் சொல்லுங்கம்மா. இந்த வவுத்தத் தூக்கிக்கிட்டு மந்தைக்கு ஓடிவர முடியல. ஏற எடமில்லாம ரெண்டு தடவ திரும்பிட்டேன். இன்னொரு தடவ வரலைன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்னு போர்மேன் சொல்லிட்டாரு."

ஒரு வார்த்தையா சொன்னேன்? ஓராயிரம் வார்த்தை சொன்னேன். "நம்ம பங்காளிக எல்லாம் எம்மூஞ்சியில காறித் துப்பவா? வாய மூடிக்கிட்டுப் பெட்டியக் கட்டு" என்றார்.

பெட்டி எதற்கென்றால், நாங்கள் கொழும்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். என் அண்ணன் அங்கே புறக்கோட்டையில் வத்தல் கடை வைத்திருந்தார். அவர் மகளுக்குக் காதுகுத்து. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோவதற்கு முந்தைய காலம். ரயிலேறி, கப்பலேறி, மறுபடியும் ரயிலேறிப் போய் இறங்கினோம்.

ஆத்தாடி, என்ன ரோடு! நடக்கிறவர்களுக்கென்று ஓரத்தில் தனியாக மேடை. நாலு ரோடு கூடுகிற இடத்தில் நடுவே வட்டமாகப் புல் வளர்த்திருந்தார்கள். வண்டிகள் அதைச் சுற்றி வந்து, அததன் வழியில் பிரிந்து போயின. ஒருத்தன் ஒருத்தனை வண்டை வண்டையாகத் திட்டவில்லை. எனக்கு அதுவே அதிசயம். காதுகுத்துக்கு வந்த அத்தைக்காரி நான், மொய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும்விட என்னை மயக்கியது பஸ் நிற்கிற கம்பம்தான். அதன் அடியில் யார் நின்றாலும் பஸ் நின்றது. நிற்பது யார் என்று டிரைவர் எட்டிப் பார்க்கவில்லை. கோட்டுப் போட்டவர் ஒருவர் வரிசையில் நின்றார், அவருக்கு முன்னால் ஒரு கூடைக்காரி நின்றாள். அவள்தான் முதலில் ஏறினாள். நான் என் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தேன்.

"பாத்தீகளா?"

"பாக்காம என்ன. ரெண்டு மாடி வச்சிருக்கான், எம்புட்டு கலெக்‌ஷன் ஆகும்!" என்றார். அவர் கண் அங்கே.

அந்த இரண்டு மாடி பஸ் மின்சாரத்தில் ஓடியது. கூரைமேல் நீளமாக இரண்டு கம்புகள் வைத்து, ரோட்டுக்கு மேலே போகிற மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. ஒரு சாயந்திரம் அதில் ஏறி, கீழ்த் தட்டில், பின்வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரு வளைவில் திரும்பும்போது கூரைக் கம்பு மின்கம்பியை விட்டு நழுவியது. நீலநீலமாகப் பொறி கொட்டியது.

எங்கள் சீமையில் பொறியைக் கண்டால் யோசிக்கக் கூடாது. முதலில் ஓட வேண்டும், பிறகுதான் என்ன ஏது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். தாய்ப்பாலோடு குடித்த பாடம் அது. என் வீட்டுக்காரர் எழுந்து, "பொறி! பொறி! மருந்து பத்திக்கிரும், ஓடுங்க!" என்று அலறிக்கொண்டு வாசல் வழியாகக் குதித்தார். வேட்டி நுனி வாசல் கம்பியில் மாட்டிக்கொண்டது. ஆள் ரோட்டில், வேட்டி பஸ்ஸில். பட்டாபட்டி டிராயரோடு நடு ரோட்டில் நின்றுகொண்டு, "மருந்து! மருந்து!" என்று கத்துகிறார். நானும் பாதி எழுந்துவிட்டேன், பொய் சொல்வானேன். ஆனால் சேலை எதிலும் மாட்டவில்லை.

எங்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்து. அவர்களுக்குத் தெரியுமா? தமிழ் பேசுகிற பெரியவர் ஒருவர் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்து, "என்ன சுகமில்லை உங்களுக்கு? என்ன மருந்து வேணும்?" என்று ஆதரவாக விசாரித்தார். அதற்குள் கண்டக்டர் நீளக் கழி ஒன்றை எடுத்து, கூரைக் கம்பைச் சாவகாசமாக மின்கம்பியில் மாட்டிவிட்டு, வேட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்தார். பஸ்ஸே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பினோம். கொழும்புக் கதை கேட்க வீடு நிறையப் பங்காளிகள். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இரண்டு மாடி பஸ்ஸைப் பற்றி அளந்துவிட்டார். நான் காப்பியை நீட்டிக்கொண்டே, "அங்கன ஒருநா சாயந்திரம் பஸ்ஸுல போகைல..." என்று தொடங்குவேன். அவருக்குப் புரையேறும். நான் நிறுத்திக்கொள்வேன். மறுநாள் வேறு ஆட்கள், வேறு காப்பி, அதே சாயந்திரம். நாலாம் நாள் என்னை அடுப்படிக்குள் மடக்கினார்.

"ஒனக்கு என்னதாண்டி வேணும்? சேல எடுத்துத் தரவா?"

"காலனி விலக்குல பஸ் நிக்கணும்."

அவர் குதித்தார், பட்டினி கிடந்தார், என் அப்பாவை இழுத்துத் திட்டினார். நான் அடுத்த காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். கடைசியில், "நிப்பாட்டித் தொலைக்கேன். ஆனா அந்தக் கத ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். ஊருக்குள் மூச்சுவிட மாட்டேன் என்று மாரியாத்தா மேல் சத்தியம் பண்ணினேன்.

பஸ் நின்றது. முதல் நாள் நானும் சிவகாசிக்கு ஒரு வேலையைக் கற்பித்துக்கொண்டு அதில் இருந்தேன். விலக்கில் காலனிப் பெண்கள் ஏறினார்கள். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேறி, சீட்டில் உட்கார்ந்து, "ஐயா எப்பிடிம்மா மசிஞ்சாக?" என்று என் காதில் கேட்டாள். சொன்னேன். பட்டாபட்டியில் நின்றது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சிவகாசி வரும்வரை அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் டிரைவருக்கு ஹாரன் அடிக்க மறந்துபோனது.

டிரைவர் சும்மா இருப்பானா? சாயந்திரம் என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தார்.

"சத்தியத்த மீறிட்டியேட்டி! நாளையிலருந்து பஸ் அங்கன நிக்காது!"

"எங்க மீறுனேன்? ஊருக்குள்ள சொல்லமாட்டேன்னேன், சொல்லல. காலனியிலதான சொன்னேன். காலனி ஊருலயா சேத்தி? நீங்களே சொல்லுங்க."

காலனி ஊரில்லை என்றால் நான் சத்தியத்தைக் காப்பாற்றியவள், பஸ் நிற்க வேண்டும். ஊர்தான் என்றால், ஊர்க்காரர்கள் நிற்கிற இடத்தில் பஸ் நிற்காமல் போகுமா? என்னிடம் பேச்சில் தோற்பது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. முகம் சிவந்து, நரம்பு புடைத்து, எதிர்வீட்டுப் பங்காளிகள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும்படி கத்தினார்:

"அதுவும் ஊருதாண்டி! அவுகளும் ஊருக்காரவுகதான்! நீ சத்தியத்த மீறுனவதான்!"

"ஆமாங்க, மீறிட்டேன்" என்றேன்.