பெயர் எழுதாத டிவிடி

கூடலூரில் டிவிடி போட்டுத் தரும் கடைக்காரரின் காதில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா செருகியிருக்கும். டிஸ்க்கை வீட்டில் போட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான், அதன் மேல் பெயரை அழகாக எழுதிக் கொடுப்பார்.

அன்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"என்ன வேலைங்க இது? அப்பா தேயிலைக்குள்ள நடந்து வர்ற இடமெல்லாம் வெட்டி வெட்டிக் குதிக்குது. அம்மா பாக்க முடியாம எந்திரிச்சுப் போயிட்டாங்க."

நான் கொடுத்திருந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தார்.

"இதை ஒட்டுனது யாருங்க?"

"நான்தான். போன்ல எடுத்ததையும் கேமராவுல எடுத்ததையும் சேர்த்தேன்."

"ரெண்டும் ஒரே வேகத்துல ஓடாதுங்க. அப்படியே ஒட்டுனா குதிக்கத்தான் செய்யும். தனித்தனியா இருக்கறதக் கொண்டாங்க."

"அழிச்சுட்டேன். போன்லயும் கேமரா கார்டுலயும் இடமில்லீங்க."

"அப்ப, அப்பாவ மறுக்கா ஒருதடவை நடக்கச் சொல்லி எடுத்துட்டு வாங்க."

"அப்பா போன மாசம் தவறிட்டாருங்க."

பேனாவை மேசையில் வீசினார். "இடமில்லைன்னு அழிக்கற சாமானுங்களா அது?" என்று கடையே அதிரக் கத்தினார். டிஸ்க்கை என் பக்கம் தள்ளினார். பெயர் எழுதவில்லை.

என் அப்பாவை அவர் பார்த்ததுகூட இல்லை. அழித்த அன்று எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் அது.

டிஸ்க்கில் இன்றுவரை நானும் எழுதவில்லை.