நகர்ந்துவிடும் கோடு

மான்செஸ்டரில் நான் வேலை பார்த்த அறைக்குள் நுழையுமுன் சாவி, கைக்கடிகாரம், பேனாக்கத்தி எல்லாவற்றையும் வாசலில் இருந்த தட்டில் போட்டுவிட வேண்டும். உள்ளே ஒரு பெரிய காந்தம். வெள்ளைக்காரப் பையன்கள் மறந்து வந்து திட்டு வாங்குவார்கள். நான் ஒரு நாளும் மறந்ததில்லை. சிவகாசியில் வெடிமருந்து கலக்கும் கொட்டகைக்குள்ளும் இரும்பு போகக் கூடாது. பொறி பறந்தால் கூரையோடு ஆளும் போவான். என் தம்பி செல்லையா அப்படி ஒரு கொட்டகையில்தான் போனான்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், மில்லில் பொதி தூக்கக் கப்பலேறியவன், அறுபதுகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் என்.எம்.ஆர் இயந்திரத்தை ஓட்டினான் என்றால் ஊரில் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஓட்டினேன். நான் எடுத்துக் கொடுத்த தாள்களை வைத்து எத்தனை பேர் டாக்டர் பட்டம் வாங்கினார்கள்! பொருளைக் கரைத்துப் பென்சில் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் ஊற்றி, காந்தத்தின் நடுவே காற்றால் சுழலவிட வேண்டும். இயந்திரத்தின் பேனா தாளில் மேடு மேடாக வரையும். ஹைட்ரஜன் அணுக்கள் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று அந்த மேடுகள் சொல்லும். அதைக் கோத்தே பொருளின் உருவத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எரிக்க வேண்டாம். எங்கள் ஊரிலோ எரித்துப் பார்த்துத்தான் எதையும் தெரிந்துகொண்டோம்.

அந்த அறையில்தான் செல்லையா என் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தான். கந்தக வாசனை முதலில் வரும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். எதற்கும் அஞ்சாத நான், புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சினேன்.

ஒருநாள் டாம் என்ற ஆராய்ச்சி மாணவர், தாளில் பெரிய மேட்டின் இரு பக்கமும் நின்ற குட்டி மேடுகளைக் காட்டி, "இவை போலி. குழாய் சுழல்வதால் வருபவை" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"வேகத்தை மாற்றுங்கள். போலி நகர்ந்துவிடும். நிஜம் நின்ற இடத்திலேயே நிற்கும்."

"மனிதனுக்கும் இது சரிவருமா?"

"ஆள் நுழைய அந்தக் குழாய் பத்தாதே!" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. லீவு போட்டு ஊருக்குப் போனேன். இடத்தை மாற்றினால் அவன் நிஜமா போலியா என்று தெரிந்துவிடும் அல்லவா? அங்கேயும் நின்றால் நிஜம், காணாமல் போனால் போலி.

விருதுநகரில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்த என் மனைவி எஸ்தர், "இம்புட்டு வருசம் கழிச்சு வந்திருக்கீக, இனி இங்கனயே இருங்க" என்றாள். செல்லையாவின் கல்லறையில் நெடுநேரம் நின்றேன். வீட்டில் அறை அறையாகப் போய் நின்றேன். சுற்றிலும் பட்டாசு சீசன், காற்றெல்லாம் கந்தகம். அவன் மட்டும் இல்லை. டாமின் கணக்குப்படி அவன் போலி.

"யாரத் தேடுறீக?" என்றாள் எஸ்தர்.

"செல்லையாவ."

அவள் சிரிப்பாள் என்றிருந்தேன். "தம்பி உங்க கூடத்தான வந்துச்சு? நீங்க கப்பலேறுற வரைக்கும் இந்த அடுப்படியில நடமாட்டம் கேக்கும். அதுக்கப்புறம் ஒரு சத்தமுமில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கெளம்புங்க. பாஷை தெரியாத பய, அங்கன தனியா என்ன செய்வான்?"

நோயாளிகளை விட்டு அவள் வரவில்லை. ஏடன் வரை கப்பலின் பின்தளத்தில் ஊரைப் பார்த்தபடி நின்றேன். ஏடன் தாண்டியதும், தம்பி தனியாக இருக்கும் திசையைப் பார்த்தபடி முன்தளத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.