கழுவிக் கொண்டுவந்த தூக்கு

எங்கள் வீட்டில் மார்கழி பிறந்ததற்குக் கோலமோ பஜனையோ அடையாளம் கிடையாது. அம்மாவின் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தால் மார்கழி. புதுவாயல் கூட்டு ரோட்டில் சாக்கை விரித்துப் பச்சை மொச்சையைக் குவித்திருப்பார்கள். அதை வாங்கிவந்து உரித்து, ராத்திரி ஊறப்போட்டு, விடிந்ததும் ஒவ்வொரு கொட்டையாக இரண்டு விரலால் பிதுக்குவாள். தோல் கையில் நின்றுவிடும், பருப்பு மட்டும் தெறித்துச் சட்டியில் விழும். அதனால் அதற்குப் பிதுக்குப்பருப்புக் குழம்பு என்று பெயர். பனிக்காலத்துக்கென்று இஞ்சியும் மிளகும் ஒரு பங்கு கூடுதலாக அரைத்து, சுடச்சுட இட்லி மேல் ஊற்றினால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு படுத்திருக்கிறவன்கூட எழுந்து பள்ளிக்கூடம் போவான். நாங்கள் போயிருக்கிறோம்.

அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, ஹைவேக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளுக்கு இந்தக் குழம்பென்றால் உயிர். பிதுக்கத்தான் பொறுமை கிடையாது. வருஷாவருஷம் முதல் குழம்பு ஒரு எவர்சில்வர் தூக்கில் அவள் வீட்டுக்குப் போகும். கொண்டுபோகிற வேலை எனக்கும் தம்பிக்கும். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. முகம் சுளிக்காமல் போவோம், ஏனென்றால் தூக்கு காலியாகத் திரும்பாது. முறுக்கு இருக்கும், இல்லாவிட்டால் பொரி உருண்டை. ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி அரிசியாவது போட்டுக் கொடுப்பாள். "வந்த ஏனத்த வெறுசா அனுப்பக்கூடாதுடி" என்பாள். முறுக்கை நாங்கள் எங்கள் கூலி என்று நினைத்திருந்தோம். அரிசி வந்தால், கஞ்சப் பெரியம்மா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவோம்.

அந்த வருஷம் தீபாவளியோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். தன் மகனை அங்கே சேர்த்துவிடச் சொல்லிப் பெரியம்மா கேட்டிருந்தாள். அப்பாவும் சொல்லிப் பார்த்தார். வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டுவிட்டார் என்று பெரியம்மா நாலு பேர் எதிரில் சொல்ல, அம்மா பதிலுக்கு ஒன்று சொல்ல, முடிந்தது கதை. அடுத்த மாதமே அந்த அண்ணனுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. சண்டைக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

அப்படியிருந்தும் மார்கழியின் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா தூக்கை எடுத்துக் கழுவினாள். அப்பா பார்த்துவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். கழுத்து வரை குழம்பை ஊற்றி, மூடியை அமுக்கி, துணி சுற்றி என் கையில் கொடுத்தாள். "பனி வெலகற வரிக்கும் ரோட்ட தாண்டாதீங்க. குடுத்துட்டு, பெரிம்மா இன்னா சொல்லுதோ அத்த அப்டியே வந்து சொல்லு" என்றாள். நாங்கள் தெருவில் இறங்கிய பிறகு திரும்பக் கூப்பிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைகள் நாங்கள். அன்றைக்கு லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தன. அந்தப் பக்கம் ஒரு கடையும் தெரியவில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்பிக்குப் பல் தந்தியடித்தது. தூக்கை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, மூடியைத் திறந்தால் முகத்துக்கும் சூடு கிடைக்கும் என்றான். திறந்தோம். ஒரு பருப்பை எடுத்தால் தெரியாது என்றான். ஒன்றை எடுத்தால் நிஜமாகவே தெரியாது. அந்த இடத்தில்தான் ஏமாந்தோம். பனி விலகியபோது பெரியம்மா வீட்டுத் தெரு பளிச்சென்று தெரிந்தது, தூக்கின் அடியும் பளிச்சென்று தெரிந்தது.

தம்பி அழ ஆரம்பித்தான். "மாட்டிக்கினோம்க்கா. பெரிம்மா அம்மாகிட்ட சொல்லிடும்."

"லூசு, அவங்கதான் பேசிக்கறதே இல்லியே" என்றேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். பெரியம்மா வீட்டுக்குப் போகவே இல்லை. அவன் அடிபம்பை அடிக்க, நான் மண் போட்டுத் தேய்த்து, மோந்து பார்த்து, மறுபடி தேய்த்தேன். அவ்வளவு அக்கறையாக ஒரு பாத்திரத்தை நான் அதுவரை கழுவியதில்லை. வரும் வழியில் பிள்ளையார் முன்னால் நின்று, அம்மாவும் பெரியம்மாவும் பொங்கல் வரைக்குமாவது பேசிக்கொள்ளக் கூடாது சாமி என்று தோப்புக்கரணம் போட்டேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "பெரிம்மா இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பாருங்கள்.

அம்மா தூக்கை வாங்கித் திறந்தாள். உள்ளே கையை விட்டு அடியில் ஒரு சுற்றுத் தடவினாள். "கழுவியேவா குடுத்துச்சு?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பிசுக்கு மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். அவள் தூக்கைக் கொண்டுபோய்ப் பரணில் கவிழ்த்தாள். அன்று பிதுக்குப்பருப்பைத் தொடாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷமும் மொச்சை வந்தது. அம்மா எங்கள் அளவுக்கு மட்டும் பிதுக்கினாள். அந்த அண்ணன் கல்யாணத்துக்கு மூன்றாம் மனுஷி மாதிரி போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். பொங்கல் வரைக்கும் என்று நான் சொன்னதைப் பிள்ளையார் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது.

இப்போது நான் திருநின்றவூரில் குடியிருக்கிறேன். போன தை மாதம் அந்த அண்ணன் மகளின் விசேஷத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பல்லெல்லாம் போய்விட்டது. பேச்சு எங்கெங்கோ சுற்றி அங்கே வந்து நின்றது. "அந்த வருசம் மார்கழி முச்சூடும் வாசலையே பாத்துக்கினு குந்தினு இருந்தேன்டி. ஒரு வாய் கொழம்பு வந்திருந்தா நானே ஓடியாந்திருப்பேன். உங்கம்மாவுக்கு மனசு வரல பாரு" என்றாள்.

சொல்லியிருக்கலாம். "அந்த வருசம் பனி ஜாஸ்தி பெரிம்மா" என்று ஏதோ உளறிவிட்டு எழுந்து வந்தேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. அவள் கை அந்தத் தூக்குக்குள் சுற்றியதுதான் அடிக்கடி கண்ணில் வந்து நிற்கிறது. ஒரே ஒரு அரிசியாவது விரலில் தட்டுப்படாதா என்று தேடியிருக்கிறாள். நானோ, மாட்டிக்கொள்ளாத சந்தோஷத்தில், அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.